சூரியனை நடுவிடத்திலிருந்து நகர்த்தியவர்



கார்த்திகை நட்சத்திரத்தைப் பலமுறை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கு ஆறேழு மீன்களாய்த் தெரியும் அது, உண்மையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள் சேர்ந்த ஒரு கொத்து. வானத்தில் இன்னொரு வகைக் கொத்தும் உண்டு. பல்லாயிரம் மீன்கள் உருண்டையாய் நெருங்கியது. அவற்றை அளந்துதான், நாம் எங்கே குடியிருக்கிறோம் என்று ஹார்லோ ஷாப்லி கண்டு சொன்னார்.

இவர் 1885 நவம்பர் 2-ந் தேதி அமெரிக்காவில் மிஸௌரி நாட்டுப்புறத்தில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தார். இளவயதில் பள்ளிப்படிப்பு கொஞ்சமே. பத்திரிகை நிருபராக வேலை பார்த்தார். அத்தொழிலையே முறையாகக் கற்க 1907-ல் மிஸௌரி சர்வகலாசாலைக்குப் போனால், அந்தப் பிரிவு திறக்க இன்னும் ஓராண்டு ஆகும் என்றார்கள். பாட அட்டவணையைப் புரட்டினாராம். முதலில் நின்ற புதைபொருள் சாஸ்திரத்தின் ஆங்கிலப் பெயரை உச்சரிக்க நா வரவில்லையாம். அடுத்து நின்ற வானசாஸ்திரத்தில் சேர்ந்துவிட்டார். இதை அவரே வேடிக்கையாகச் சொல்லி வந்தார். சற்றுக் கூட்டியும் சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம்!

1914-ல் கலிபோர்னியாவிலுள்ள வில்சன் மலை வானாராய்ச்சி நிலையத்தில் அமர்ந்தார். ஓய்வு வேளையில், அங்கே ஊரும் எறும்புகள் வெப்பத்திற்கேற்ப வேகம் மாறுவதை அளந்தார். இரவில் 60 அங்குலத் தொலைநோக்கியில் உருண்டைக் கொத்துகளை ஆராய்ந்தார்.

சில மீன்களின் ஒளி முறையாகக் கூடிக் குறையும். அதற்கு எடுக்கும் காலத்தைக் கொண்டு மீனின் மெய்யான பிரகாசத்தை அறிய வழியுண்டு என்பதை ஹார்வர்டில் பணியாற்றிய ஹென்றியெட்டா லீவிட் என்ற பெண்மணி 1912-ல் வெளியிட்டிருந்தார். மெய்யான பிரகாசம் தெரிந்தால், தெருக்கோடி விளக்கின் மங்கலைக் கண்டு தூரத்தைச் சொல்வது போல, கொத்தின் தூரத்தைச் சொல்லிவிடலாம். அப்படிக் கணக்கிட்டபோது கொத்துகள் பெரும்பாலும் தனுசு ராசியின் திசையிலேயே குவிந்திருந்தன. ஆகவே நட்சத்திர மண்டலத்தின் நடு அங்கே. சூரியன் வெகுதூரம் ஒதுங்கியிருக்கிறது என்று 1918-ல் அறிவித்தார். சூரியன் நடுவருகே இருப்பதாகவே அதுவரை பலர் எண்ணியிருந்தனர்.

ஆனால் விளக்குக்கும் நமக்கும் இடையே புகை இருந்தால்? ஷாப்லி அதை யோசியாதவர் அல்ல. தூசி இருந்தால் ஒளி சிவந்து தோன்றவேண்டும். அவர் பார்த்த தூரத்துக் கொத்துகளில் நீல மீன்கள் நீலமாகவே தெரிந்தன. எனவே வானவெளி தெளிவானது என்று நம்பினார். அக்கொத்துகளிற் பல, தூசி படிந்த பால்வீதிப் பட்டைக்கு வெளியே இருந்தன என்பதே சங்கதி! 1930-ல் ராபர்ட் டிரம்ப்ளர், பட்டைக்குள்ளேயே கிடக்கும் கார்த்திகை வகைக் கொத்துகளை ஆராய்ந்தார். ஒளியைக் கொண்டு தூரம் கணக்கிட்டால், தூரம் கூடக் கூடக் கொத்துகளும் பெருத்துக்கொண்டே போயின. நம்மிடமிருந்து விலகியிருப்பதனால் ஒரு கொத்து ஏன் பருக்கவேண்டும்? தூசியே ஒளியை மங்கச் செய்து ஏமாற்றியது. வேறு வேறு வகை மீன்களை ஒன்றாக எண்ணியதும் ஷாப்லியின் கணக்கைப் பெருக்கியிருந்தது. மண்டலத்தின் குறுக்களவு 3,00,000 ஒளியாண்டு என்றார் அவர். இன்றைய மதிப்பு ஏறத்தாழ 1,00,000.

இன்னொரு சறுக்கலும் உண்டு. நம் மண்டலத்துக்கு அப்பால் வேறு மண்டலங்கள் இல்லை என்று 1920-ல் வாஷிங்டனில் வாதிட்டார். அதே மாறொளி மீன் ஒன்றை ஆண்ட்ரோமீடாவில் கண்டதாக 1924-ல் ஹப்பிள் கடிதம் எழுதினார். தம் கொள்கை முடிந்தது என்று ஷாப்லி உணர்ந்துகொண்டார். பிறகு ஹார்வர்டு நிலையத் தலைவராக இருந்துகொண்டே, தாம் மறுத்த அந்த மண்டலங்களில் ஆயிரத்துக்கும் அதிகமானவற்றை அடிலெய்ட் ஏம்ஸ் அம்மையாருடன் அட்டவணைப்படுத்தி 1932-ல் வெளியிட்டார்.

1972 அக்டோபர் 20-ந் தேதி காலமானார். ஆடி, ஆவணி மாதங்களில் முன்னிரவில் தெற்கே பாருங்கள், தனுசு நிற்கும். தூரம் குறைந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு ஆயிற்று. திசை மட்டும் அவர் காட்டியதேதான்.