பெயர் இல்லாத நோயைக் கண்டுபிடித்த பெண் டாக்டர்

நியூயார்க் நகரில் குழந்தைகளுக்கு என்றே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. அதன் பெயர் பேபீஸ் ஆஸ்பத்திரி.

1935-ம் ஆண்டு அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண் டாக்டர் வேலைக்கு வந்தார். இறந்த குழந்தைகளின் உடலைப் பரிசோதித்து, சாவுக்குக் காரணம் சொல்வது அவர் வேலை. அவர் பெயர் டாரதி ஆண்டர்சன்.

ஒருநாள் ஒரு குழந்தையின் உடல் அவரிடம் வந்தது. சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டாமல், எலும்பும் தோலுமாக இளைத்து இறந்த குழந்தை. சீலியாக் என்ற குடல் நோயால் இறந்ததாகச் சீட்டில் எழுதி இருந்தது.

டாரதி வயிற்றைத் திறந்து பார்த்தார். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு உண்டு. உணவைச் செரிக்க வைக்கும் நீர் அதில் ஊறுகிறது. இந்தக் குழந்தையின் கணையத்தில் சின்னச் சின்ன நீர்க் கட்டிகளும், தழும்புகளுமே இருந்தன!

சீலியாக் நோயில் கணையம் இப்படிக் கெடாது. அப்படியானால் இது வேறு நோய். அதற்கு ஒரு பெயர் கூடக் கிடையாது.

யாரும் இல்லாத பெண்

டாரதி 1901-ம் ஆண்டு அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் உள்ள ஆஷ்வில் என்ற ஊரில் பிறந்தார். தந்தை டென்மார்க் நாட்டில் இருந்து வந்தவர். டாரதி ஒரே பிள்ளை.

1914-ம் ஆண்டு தந்தை இறந்தார். தாயாரோ நோயாளி. அவரைக் கவனிக்கும் பொறுப்பு சிறுமி தலையில் விழுந்தது. 1920-ல் தாயாரும் போய்விட்டார். 20 வயது ஆகும் முன்பே அவருக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை.

அவர் படிப்பை விடவில்லை. புகழ் பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1926-ல் டாக்டர் ஆனார்.

ஆபரேஷன் செய்யும் டாக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. ஓர் ஆஸ்பத்திரியில் ஓராண்டு பயிற்சியும் பெற்றார். மேற்கொண்டு பயிற்சி கேட்டபோது இடம் இல்லை என்று சொல்லி விட்டார்கள். திறமைக் குறைவு அல்ல. அவர் பெண் என்பதுதான் காரணம்!

1929-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நோய்க்கூறு ஆராயும் பிரிவில் சேர்ந்தார். உயிரோடு இருப்பவரை அறுக்கக் கூடாது என்று தடுத்தவர்கள், இறந்தவரை அறுக்க மட்டும் விட்டார்கள். என்ன நியாயமோ!

49 குழந்தைகள்

ஒரு குழந்தையைப் பார்த்ததோடு டாரதி விடவில்லை. பழைய பிரேத பரிசோதனைக் குறிப்புகளைத் தூசி தட்டி எடுத்தார். மற்ற டாக்டர்கள் எழுதி வைத்ததையும் தேடினார். சீலியாக் என்றும் நிமோனியா என்றும் பெயர் சூட்டிப் புதைத்த குழந்தைகளில் பலருக்கு இதே கெட்டுப்போன கணையம் இருந்தது.

மொத்தம் 49 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி, 1938-ம் ஆண்டு வெளியிட்டார். கணையத்தின் சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்று நோய்க்குப் பெயர் வைத்தார். கட்டியும் தழும்பும் என்பதே அதன் பொருள்.

பெயரில் கணையம் இருந்தது. ஆனால் பெரும்பாலும் குழந்தைகளின் உயிரைக் குடித்தது நுரையீரல்! மூச்சுக் குழாய்களில் கெட்டியான சளியும் சீழும் அடைத்துக் கிடந்ததை டாரதி பார்த்தார். சத்து சேராததால், அதிலும் ஏ வைட்டமின் குறைவால், நுரையீரல் கெடுகிறது என்று நினைத்தார். அது சரி அல்ல என்று பின்னால் தெரிந்தது.

காவல் படை செய்யும் நாசம்

நல்ல உடம்பில் மூச்சுக் குழாயின் உட்புறம் ஈரமாக இருக்கும். அங்குள்ள மெல்லிய மயிர் இழைகள், மூச்சோடு உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் சளியோடு மேலே தள்ளிவிடும்.

இந்த நோய் உள்ளவர்களுக்கு உடம்பின் அணுக்களில் உப்பு போய் வரும் வாசல் பழுது. அதனால் ஈரம் வற்றி, சளி பசை போல் ஆகிவிடுகிறது. கிருமிகள் அதில் குடியேறுகின்றன. குழந்தைப் பருவத்தில் ஸ்டபிலோகாக்கஸ் என்ற கிருமி. வயது ஏற ஏற சூடோமோனாஸ் என்ற கிருமி. இது தன்னைச் சுற்றி வழவழப்பான கோட்டையே கட்டிக்கொள்ளும்!

கிருமி வந்ததும் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் படை படையாக ஓடி வருகின்றன. நம் உடம்பின் காவல் படை அது. மற்றவர்களுக்குச் சில நாளில் சண்டை முடிந்து, படை கலைந்துவிடும். இங்கே சண்டை முடிவதே இல்லை. பசைக்குள் ஒளிந்த கிருமியைப் படையால் ஒழிக்க முடியவில்லை. கிருமியை எதிர்க்கும் பொருள்கள் இரத்தத்தில் ஏராளமாக உண்டாகியும் பயன் இல்லை.

வெள்ளை அணுக்கள் அங்கேயே கோடிக்கணக்கில் சாகின்றன. அவற்றின் உள்ளே உள்ள நூல் போன்ற பொருள் வெளியே கொட்டி, சளியை இன்னும் கெட்டியாக்குகிறது. கிருமியைக் கரைக்க வைத்திருந்த காரமான நீரும் கசிந்து, மூச்சுக் குழாயின் சுவரையே அரிக்கிறது. அந்தப் புண்ணைக் கண்டு மேலும் படை வருகிறது. திருடனைப் பிடிக்க வந்த படை, வீட்டையே இடித்துத் தள்ளுகிறது!

இந்த விவரம் எல்லாம் டாரதி காலத்தில் தெரியாது. கிருமியைக் கொன்றால் குழந்தை பிழைக்கலாம் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. பெனிசிலின் மருந்து வந்ததும், டாக்டர் பால் டி சாண்டாக்னேசியும் அவரும் அதைப் பனிப்புகை போல் ஆக்கிக் குழந்தைகளைச் சுவாசிக்க வைத்தார்கள். அந்தச் சிகிச்சை பற்றி 1946-ல் எழுதினார்கள். பிணங்களோடு இருக்கட்டும் என்று ஒதுக்கப்பட்டவர், உயிருள்ள குழந்தைகளின் கட்டில் அருகே வந்துவிட்டார்.

கரிக்கும் வியர்வை

1948-ம் ஆண்டு கோடையில் நியூயார்க்கில் கொடுமையான வெயில். சூடு தாங்காமல் மயங்கிய குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். அவர்களில் பலர் இதே நோய் உள்ளவர்கள் என்பதை டாரதியும், டாக்டர் வால்டர் கெஸ்லரும் கவனித்தார்கள்.

டி சாண்டாக்னேசி காரணத்தைத் தேடினார். இந்தக் குழந்தைகளின் வியர்வையில் அளவுக்கு மீறி உப்பு இருந்தது! 1953-ல் அதை உலகுக்கு அறிவித்தார்.

முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கும் குழந்தை நீடிக்காது என்று ஐரோப்பாவில் பாட்டிமார்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். வீண் பேச்சு என்று நினைத்தது உண்மையாகிவிட்டது.

டாரதி திருமணம் செய்துகொள்ளவில்லை. மலையேறுவார். தச்சு வேலை செய்வார். நியூஜெர்சி மலைப்பக்கத்தில் ஒரு பண்ணை வாங்கி, அங்கே வீட்டு வேலைகளைத் தம் கையாலேயே செய்தார். பெண்ணுக்கு இது அழகா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1958-ல் பேராசிரியர் ஆனார்.

ஒரு பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. ஓயாமல் சிகரெட் பிடிப்பார். குழந்தைகளின் நுரையீரலுக்காகப் பாடுபட்டவரை நுரையீரல் புற்றுநோய் பிடித்தது. 1962-ல் ஆபரேஷன் நடந்தது. 1963-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 61.

நோய்க்குக் காரணமான மரபணுவை 1989-ல் கண்டுபிடித்தார்கள். சளியில் சிக்கிய நூல்களை வெட்டும் மருந்து 1993-ல் வந்தது. பழுதான உப்பு வாசலையே சீர் செய்யும் கூட்டு மருந்து 2019-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஆனால் விலை மிக அதிகம். ஏழை நாடுகளில் பலருக்கு எட்டவில்லை.

டாரதி பார்த்த நோயாளிகள் பெரும்பாலும் பால் குடிக்கும் பருவத்திலேயே இறந்தார்கள். அமெரிக்காவில் இப்போது இந்த நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேல் பெரியவர்கள். வேலைக்குப் போகிறார்கள். கல்யாணம் செய்துகொள்கிறார்கள்.

குழந்தைக்கு இந்த நோய் இருக்கிறதா என்று உறுதி செய்ய டாக்டர்கள் இன்றும் கையில் இருந்து கொஞ்சம் வியர்வை எடுத்து, அதில் உப்பை அளந்து பார்க்கிறார்கள்.