மீண்டு தழைத்த வாழ்வு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்

மேட்டூர் அணை மூடினால் நம் வாய்க்கால்கள் வறண்டு போகும்; திறந்தால் வயல்கள் மீண்டும் பசுமை கொள்ளும். நம் உடலிலும் அத்தகைய வயல் ஒன்று உண்டு. அதுவே கல்லீரல்.

அறுவை செய்யும்போது குருதிப்பெருக்கைத் தடுக்க, கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களை மருத்துவர் சிறிது நேரம் இறுக்கிப் பிடிப்பதுண்டு. அப்போது பிராணவாயு இன்றிச் செல்களில் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் பொருள் குறைகிறது. சில செல்கள் மடிவதும் உண்டு. பிடியைத் தளர்த்தியதும் பிழைத்த செல்கள் ஏ.டி.பி.யை மீண்டும் உண்டாக்குகின்றன. பின் இரண்டிரண்டாகப் பிரிந்து இழப்பை ஈடு செய்கின்றன. அப்பிரிவுக்கு டி.என்.ஏ. வேண்டும், அதனை ஆக்க ஃபோலிக் அமிலம் வேண்டும். தடை அளவு கடந்து நீண்டால் மீட்சி அரிது.

இவ்விரு பொருள்களின் வரலாற்றிலும் இடம் பெற்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னையில் தேறினார். சகோதரர் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்ததால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிட்டாமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு நின்றார்.

அத்துடன் அவர் ஓய்ந்துவிடவில்லை. அமெரிக்கா சென்று, மருத்துவமனையில் எளிய பணிகள் செய்து வயிற்றைக் கழுவிக்கொண்டே ஹார்வர்டில் ஆராய்ந்தார். 1929-இல் ஃபிஸ்க்குடன் சேர்ந்து தசையில் ஏ.டி.பி.யைக் கண்டார், அதே ஆண்டில் ஜெர்மனியின் லோமனும் தனியே கண்டார். 1940-இல் லெடர்லி ஆய்வகம் சேர்ந்தார். அங்கு அவர் குழுவினர் கல்லீரலிலிருந்து ஃபோலிக் அமிலத்தைப் பிரித்து, 1945-இல் செயற்கையாகவும் ஆக்கினர். சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அதுவே மருந்தாயிற்று! கும்பகோணத்தார் நன்கறிந்த யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் மருந்தும் அவர் குழுவின் கொடையே. 1948-இல் 53-ஆம் வயதில் மறைந்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். சென்ற பருவத்தில் வேதியியலில் தவறியபோது, படிப்பை விட்டு அப்பாவுடன் நடவுக்குப் போய்விடலாமா என்று எண்ணினேன். அந்நாளில்தான் ஆய்வக ஏட்டில் பாஸ்பரஸை அளக்கும் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறையைக் கண்டு, யார் இவர் என்று நூலகத்தில் தேடினேன். மீண்டும் தேர்வுக் கட்டணம் கட்டிவிட்டேன். தவறிய நண்பர்களே, நீங்களும் கட்டுங்கள்!