ஒரு துறவியும் ஒரு பேரெண்ணும்

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் என்று கணக்கு வகுப்பில் படித்திருக்கிறோம். இரண்டு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 3. மூன்று இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 7. ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 31. மூன்றும் பகா எண்களே. ஆனால் பதினொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 2047 பகா எண் அன்று. அது 23-ஐ 89-ஆல் பெருக்கி வருவது. இவ்வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். யார் இந்த மெர்சென்?

மரின் மெர்சென் 1588-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள், மாதாவின் பிறந்தநாளன்று, பிரான்சு நாட்டில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். லா பிளேஷ் நகரில் சேசு சபைக் குருக்களின் கல்லூரியில் பயின்றார். 1611-இல் மினிம் சபையில் சேர்ந்தார். இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றை ஆண்டு முழுவதும் விலக்கி வாழ்ந்த துறவியர் சபை அது.

அறிவியல் இதழ்கள் தோன்றாத காலம் அது. ஓர் அறிஞர் கண்டதை மற்றவர் அறிய வழியில்லை. பாரிஸ் மடத்தில் தம் சிற்றறையில் அமர்ந்தபடியே மெர்சென் அக்குறையை நீக்கினார். தேக்கார்த், பெர்மா, டாரிசெல்லி முதலிய மேதைகளுக்குக் கடிதம் எழுதினார். ஒருவர் கேள்வியை மற்றொருவருக்கு அனுப்பினார். விடை வரும்வரை விடாது கேட்டார்.

1644-இல் வெளியிட்ட நூலில், 257 இரண்டுகள் வரை எவ்வெவ் எண்ணிக்கையில் பகா எண் கிடைக்கும் என்று ஒரு பட்டியல் தந்தார். அதில் 67-ஐயும் சேர்த்திருந்தார். அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது 147573952589676412927. இருபத்தோர் இலக்க எண்! இத்தகைய பேரெண்களைச் சோதித்து முடிக்கக் காலமே போதாது என்று அவரே ஒப்புக்கொண்டிருந்தார்.

1648 செப்டம்பர் முதல் நாள் மெர்சென் காலமானார். அறுபது வயது நிரம்ப ஒரு வாரமே இருந்தது. மருத்துவர்கள் நோயின் காரணத்தை அறியட்டும் என்று தம் உடலையும் ஆய்வுக்கு அளித்திருந்தார்.

பட்டியல் என்னவாயிற்று? 1876-இல் லூக்கா என்பவர் அந்த இருபத்தோர் இலக்க எண் பகா எண் அன்று என்று நிறுவினார். ஆனால் அதன் காரணிகள் தெரியவில்லை. 1903-இல் நியூயார்க்கில் கோல் என்ற பேராசிரியர் அவற்றை வெளியிட்டார்: 193707721, 761838257287. இவ்விரண்டையும் பெருக்கினால் அதே எண் வரும். பட்டியலில் மொத்தம் ஐந்து பிழைகள். தவறாகச் சேர்த்தவை 67, 257. விடுபட்டவை 61, 89, 107.

அன்புத் தோழியரே, கணக்கில் ஒரு விடை தவறினாலே தாளை மறைத்துக்கொள்பவள் நான். ஐந்து பிழைகள் செய்தவரின் பெயரை உலகம் அழித்துவிடவில்லை. 2024-இல் கண்டறியப்பட்ட, நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட பகா எண்ணும் மெர்சென் எண்தான். அவர் தந்த விடை பிழைத்தது. எழுப்பிய கேள்வியோ பிழைக்கவில்லை. இனி விடை தெரியாவிட்டாலும் கை உயர்த்திக் கேட்கலாம் என்ற துணிவை எனக்குத் தந்தவர் இந்தத் துறவியே.