ஸ்டெல்லா வோல்ஷ்: இறந்த பின்னர் விசாரிக்கப்பட்ட வீராங்கனை

1980ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், கடையொன்றின் வாகனத் தரிப்பிடத்தில் 69 வயதுப் பெண்மணி ஒருவர் சுடப்பட்டு உயிரிழந்தார். போலந்திலிருந்து வந்த பெண்கள் கூடைப்பந்தாட்ட அணியை வரவேற்பதற்காக ரிபன்கள் வாங்கச் சென்றிருந்த அவர், கொள்ளை முயற்சியொன்றுக்குப் பலியாகியிருந்தார்.

அவர் ஸ்டெல்லா வோல்ஷ். ஒரு காலத்தில் உலகின் மிக வேகமான பெண். கொலை என்பதால் சட்டப்படி பிரேத பரிசோதனை நடைபெற்றது. யார் சுட்டார்கள் என்பதைவிட அந்தப் பரிசோதனையில் தெரியவந்த இன்னொரு விடயமே பெரிய செய்தியானது. அவரது உடல், பெண்ணுடல் என்று மருத்துவம் வரையறுத்ததற்குள் முழுமையாக அடங்கவில்லை. அவரது இறுதிக்கிரியைகள் நடந்த நாட்களிலேயே தொலைக்காட்சிகள் அதைப் பேசத் தொடங்கிவிட்டன.

1911ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வியெஷ்கோவ்னியா என்ற போலந்துக் கிராமத்தில் அவர் பிறந்தார். அப்போது போலந்து என்றொரு நாடு வரைபடத்தில் இல்லை. ரஷ்யா, ஜேர்மனி, ஒஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகளும் அதைப் பங்கு போட்டிருந்தன. அவருக்கு இடப்பட்ட பெயர் ஸ்தனிஸ்வாவா வலஷியேவிச். சில மாதக் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தது. தந்தை கிளீவ்லாந்தின் உருக்காலையில் தொழிலாளியானார். வாயில் நுழையாத பெயரைப் புதிய ஊர் ஸ்டெல்லா வோல்ஷ் என்று மாற்றிக்கொண்டது.

பாடசாலைக் காலத்திலிருந்தே அவருக்கு ஓட்டத்தில் இணையில்லை. 1930இல் 100 யார் தூரத்தை 10.8 செக்கன்களில் ஓடி முடித்தார். 11 செக்கன்களுக்குள் அந்தத் தூரத்தைக் கடந்த முதலாவது பெண் அவரே. ஆனால் அமெரிக்காவில் வளர்ந்தும் அவரிடம் அமெரிக்கப் பிரஜாவுரிமை இருக்கவில்லை.

1932ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் நெருங்கியபோது அவருக்கு வயது 21. பொருளாதாரப் பெருமந்தத்தில், புகையிரதக் கம்பனியொன்றில் பார்த்து வந்த வேலையும் பறிபோனது. கிளீவ்லாந்து மாநகரின் பொழுதுபோக்குத் திணைக்களத்தில் வேலை தர முன்வந்தார்கள். அதை ஏற்றால், விளையாட்டு சார்ந்த தொழிலில் ஊதியம் பெறுபவர் என்ற காரணத்தால் ஒலிம்பிக்கில் ஓட முடியாமல் போயிருக்கும். அந்த வேளையில் நியூயோர்க்கிலிருந்த போலந்துத் துணைத் தூதரகம் ஒரு வேலையைக் கொடுத்தது. அமெரிக்கப் பிரஜாவுரிமை பெறும் தறுவாயில் நின்ற அவர் அதைக் கைவிட்டு, பிறந்த மண்ணுக்காக ஓடத் தீர்மானித்தார். அமெரிக்கப் பத்திரிகைகள் அவரைக் கடுமையாகச் சாடின.

100 மீற்றர் இறுதிப் போட்டியை 11.9 செக்கன்களில் வென்று அவர் போலந்துக்குத் தங்கம் பெற்றுக்கொடுத்தார். கனடாவின் ஹில்டா ஸ்ட்ரைக் மயிரிழையில் இரண்டாமிடம் பெற்றார்.

நான்கு ஆண்டுகளின் பின்னர் பேர்லினில் அமெரிக்காவின் ஹெலன் ஸ்டீபன்ஸ் அவரை முந்தினார். ஸ்டெல்லாவுக்கு வெள்ளிப் பதக்கம். ஸ்டீபன்ஸ் ஒரு பெண்ணே அல்ல என்று போலந்துத் தரப்பிலிருந்து குற்றச்சாட்டு எழுந்தது. அவரது உடல் பரிசோதிக்கப்பட்டது. அவர் பெண்தான் என்று அதிகாரிகள் அறிவித்தனர். தோற்றவர் பக்கத்திலிருந்து எழுந்த அந்தச் சந்தேகம் 44 ஆண்டுகளின் பின்னர் தோற்றவரின் உடலையே தேடி வந்தது.

200 மீற்றரில் 1935இல் அவர் படைத்த 23.6 செக்கன் உலக சாதனை 17 ஆண்டுகள் நிலைத்தது. 1938இல் வியன்னாவில் நடந்த ஐரோப்பிய மெய்வல்லுநர் போட்டியில் இரண்டு தங்கம் வென்றார். பின்னர் யுத்தம் வந்தது. 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. ஒரு வீராங்கனையின் சிறந்த ஆண்டுகளை யுத்தம் விழுங்கியது. 1947இல் அவர் அமெரிக்கப் பிரஜையானார். 40 வயது கடந்தும் ஓடினார். பிற்காலத்தில் கிளீவ்லாந்தின் போலந்துச் சமூகப் பிள்ளைகளுக்குப் பயிற்சியளித்தார். 1975இல் அமெரிக்க மெய்வல்லுநர் சாதனையாளர் மண்டபத்தில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது.

1981இன் தொடக்கத்தில் மரண விசாரணை அதிகாரியின் அறிக்கை வெளியானது. அவரது உடலின் பெரும்பாலான கலங்களில் ஆணுக்குரிய எக்ஸ்-வை நிறமூர்த்தங்களும், சிலவற்றில் தனியொரு எக்ஸ் நிறமூர்த்தமும் காணப்பட்டன. பிறப்புறுப்பின் அமைப்பும் தெளிவற்றதாக இருந்தது. எனினும், பெண்ணாகப் பதியப்பட்டு, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக வாழ்ந்து இறந்தவர் என்றே அந்த அதிகாரி முடிவு செய்தார். பதக்கத்தைப் பறிக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோதும் அது பறிக்கப்படவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். ஸ்டெல்லா திருநங்கை அல்லர். அவர் தன் பாலினத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இன்று இடைப்பாலினத்தவர் என்று அழைக்கப்படும் பிரிவில் அடங்குபவர். ஆனால் பெண்கள் பிரிவில் யார் போட்டியிடலாம் என்ற சட்டப் போராட்டத்தில் இரு தரப்பினரும் ஒரே வாசலில்தான் நிறுத்தப்படுகிறார்கள்.

அந்த வாசலின் வரலாறு நீண்டது. 1966இல் புடாபெஸ்ட் நகரில் வீராங்கனைகள் வைத்தியர்கள் முன்னிலையில் ஆடையின்றி நிற்க வேண்டியிருந்தது. 1968 முதல் ஒலிம்பிக்கில் நிறமூர்த்தப் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. 1999இல் அது கைவிடப்பட்டது. 1977இல் டென்னிஸ் வீராங்கனை ரெனே ரிச்சர்ட்ஸ் நியூயோர்க் நீதிமன்றத்தை நாடி, ஒரு திருநங்கையாகப் பெண்கள் பிரிவில் விளையாடும் உரிமையை வென்றார். ஆனால் 2023இல் உலக மெய்வல்லுநர் அமைப்பு, ஆண் பருவமடைதலைக் கடந்த திருநங்கைகளைப் பெண்கள் பிரிவின் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலக்கியது. 2025 செப்டம்பர் முதல் பெண்கள் பிரிவில் ஓடுபவர்களுக்கு மரபணுப் பரிசோதனையையும் கட்டாயமாக்கியது. இந்த விதி 1932இல் இருந்திருந்தால் ஸ்டெல்லா ஆரம்பக் கோட்டுக்கே வராமல் போயிருக்கக்கூடும்.

தமிழருக்கும் இது அந்நியக் கதையல்ல. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றரில் வென்ற வெள்ளிப் பதக்கம், பாலினப் பரிசோதனையின் பின்னர் பறிக்கப்பட்டது. ஸ்டெல்லாவைப் பற்றிய செய்தி அவர் இறந்த பிறகு பரவியது. சாந்தியோ உயிரோடிருந்து அதைக் கேட்க வேண்டியிருந்தது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் தட்டிக்கழிக்க முடியாது. பெண்களுக்கென்று தனிப்பிரிவு இருப்பதே, உடல்வலுவின் வேறுபாட்டால் அவர்கள் ஒதுக்கப்படக்கூடாது என்பதற்காகத்தான். ஹில்டா ஸ்ட்ரைக் போன்றவர்களுக்கும் நேர்மையான போட்டிக்கு உரிமையுண்டு. எனவே எல்லை எங்கே வரையப்பட வேண்டும் என்ற வாதம் தொடரத்தான் போகிறது.

ஆனால் அந்த எல்லையில் ஒருவரை நிறுத்தும் முறைக்கும் சட்டம் இருக்கிறது. தென்னாபிரிக்க வீராங்கனை காஸ்டர் செமன்யாவின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பெரும் அமர்வு 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. அவர் பெண்கள் பிரிவில் ஓடலாமா என்பதை அது தீர்மானிக்கவில்லை. சுவிற்சர்லாந்து நீதிமன்றம் அவரது முறைப்பாட்டைப் போதிய கவனத்துடன் ஆராயாததால், நியாயமான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டதென்றே கூறியது.

சோதனைச் சாவடிகளில் உடல் தடவப்பட்டு, அடையாள அட்டையைக் கையில் ஏந்தி நின்ற எமது மக்களுக்கு இந்த உரிமையின் பெறுமதி தெரியும். எம்மைப் பற்றி எமக்கு முன்னாலேயே மற்றவர் முடிவெடுக்கும்போது, எமது தரப்பைக் கேட்க ஒருவர் இருக்க வேண்டும். ஸ்டெல்லாவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவரிடம் கேட்கப்படாத கேள்விக்கு அவரது சடலமே பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

கிளீவ்லாந்தின் ஸ்லாவிக் வில்லேஜ் பகுதியிலுள்ள பொழுதுபோக்கு நிலையம் அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது. 1932ஆம் ஆண்டின் ஒலிம்பிக் பதிவேட்டில் பெண்களுக்கான 100 மீற்றர் தங்கம் இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது.