வயல் வழிக்கு ஒரு கார்

1904-ம் ஆண்டில் அமெரிக்க சர்க்கார் தன் நாட்டுக் கிராமப்புற ரஸ்தாக்களைக் கணக்கெடுத்தது. மொத்த நீளம் ஏறக்குறைய 21 லட்சத்து 50 ஆயிரம் மைல். அதில் கல்லோ சரளையோ போட்டுக் கெட்டிப்படுத்திய ரஸ்தா 1 லட்சத்து 54 ஆயிரம் மைல்தான். அதாவது நூற்றுக்கு ஏழு பங்கு. மற்றதெல்லாம் வெறும் மண் பாதை. மழை பெய்தால் சக்கரம் புதையும் சேறு. வெயில் அடித்தால் அந்தச் சேற்றில் விழுந்த வண்டித் தடங்கள் இறுகிக் கல்லாகிவிடும்.

அந்தக் காலத்து மோட்டார் கார்கள் பட்டணத்துச் சீமான்களுக்காகச் செய்யப்பட்டவை. கனத்த உடல், பளபளக்கும் பித்தளை, ஆயிரக்கணக்கான டாலர் விலை. பட்டணத்தைத் தாண்டி நாலு மைல் போனால் அச்சு முறியும்; இல்லாவிட்டால் சேற்றில் அமிழ்ந்துவிடும். அப்புறம் பக்கத்து வயல்காரரின் குதிரைதான் வந்து இழுக்க வேண்டும். நல்ல ரஸ்தா வந்த பிறகுதான் கிராமத்துக்குக் கார் என்பது அன்றைய பொது அபிப்பிராயம். இருக்கிற ரஸ்தாவில் ஓடக்கூடிய காரைச் செய்தால் என்ன என்று யோசித்தவர் ஹென்றி போர்டு. அவர் ஒரு குடியானவரின் பிள்ளை. அந்தப் பாதைகளில் வண்டியில் உட்கார்ந்து இடுப்பு நோகப் பிரயாணம் செய்து வளர்ந்தவர்.

சமையலறையில் ஓடிய எஞ்ஜின்

மிச்சிகன் மாகாணத்தில் டெட்ராய்ட் நகருக்கு அருகேயுள்ள ஒரு பண்ணை வீட்டில் 1863-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி போர்டு பிறந்தார். தந்தை வில்லியம் அயர்லாந்திலிருந்து குடியேறியவர். 1876-ல் தாயார் பிரசவத்தில் காலமானார். அதே ஆண்டு, தந்தையோடு வண்டியில் போய்க்கொண்டிருந்த சிறுவன், குதிரை பூட்டாமல் தானாகவே ரஸ்தாவில் வரும் ஒரு நீராவி யந்திரத்தைக் கண்டான். வண்டியிலிருந்து குதித்து ஓடி, யந்திரத்தை ஓட்டியவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டான். அன்று பிடித்த பைத்தியம் கடைசி வரை தெளியவில்லை.

ஏர் பிடிப்பதில் அவருக்கு ஆசையே இருந்ததில்லை. கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுவதில்தான் கை அரிக்கும். பதினாறாவது வயதில் டெட்ராய்ட்டுக்குப் போய் யந்திரப் பட்டறையில் வேலை பழகினார். பிறகு ஊர் திரும்பி, பண்ணை பண்ணையாக நீராவி யந்திரத்தை ஓட்டிச் சென்று, அறுவடைக்கு உதவி செய்து பிழைத்தார். குண்டும் குழியுமான பாதையில் கனமான யந்திரம் என்ன பாடுபடும் என்பதை அவருக்குக் கற்பித்த பள்ளிக்கூடம் அதுதான். 1888-ல் கிளாரா என்ற பெண்ணை மணந்தார். 1891-ல் டெட்ராய்ட் மின்சாரக் கம்பெனியில் உத்தியோகம் கிடைத்தது.

1893-ம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னாள் இரவு, சொந்தமாகச் செய்த சின்ன எஞ்ஜினை அவர் சமையலறைத் தொட்டியின் மேல் பூட்டினார். கிளாரா பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். பக்கத்து அறையில் ஏழு வாரக் குழந்தை எட்ஸல் தூங்கிக்கொண்டிருந்தது. எஞ்ஜின் ஓடிற்று. இரண்டரை ஆண்டு கழித்து, 1896 ஜூன் மாதத்தில், சைக்கிள் சக்கரம் மாட்டிய முதல் வண்டி தயாராயிற்று. அதை வெளியே கொண்டுவரக் கொட்டகைக் கதவு போதவில்லை. கோடரியால் செங்கல் சுவரை இடித்து வழி செய்தார்!

அடுத்து அவர் சம்பந்தப்பட்ட இரண்டு கம்பெனிகளும் நிலைக்கவில்லை. முதலாவது 1901-ல் கலைந்தது. இரண்டாவதிலிருந்து 1902-ல் அவரே விலகினார். இதற்கிடையே அவர் பெயரைக் காப்பாற்றியது பந்தயம். 1901 அக்டோபரில் நடந்த பத்து மைல் பந்தயத்தில், பெயர் பெற்ற அலெக்ஸாண்டர் விண்டனின் காரைத் தோற்கடித்தார். 1904 ஜனவரியில், உறைந்து கிடந்த ஓர் ஏரியின் மேல் மணிக்கு 91 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் தாமே கார் ஓட்டினார். பனிக்கட்டியில் வெடிப்புகள் இருந்தன. ஒவ்வொன்றின் மீதும் கார் எகிறிக் குதித்தது. அந்தச் சாதனையை அதே மாதத்தில் இன்னொருவர் முறியடித்துவிட்டார் என்பது வேறு விஷயம். வேகத்துக்குப் பெரிய எஞ்ஜின் மட்டும் போதாது, கார் இலேசாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் போர்டிடம் வேரூன்றிவிட்டது.

முக்காலியின் ரகசியம்

1903 ஜூனில் போர்டு மோட்டார் கம்பெனி தொடங்கியது. ரொக்கமாகச் சேர்ந்தது 28 ஆயிரம் டாலர். பணம் போட்டவர்களில் முக்கியமானவர், விலை உயர்ந்த கார்களில்தான் லாபம் என்று நம்பினார். போர்டு அதற்கு இணங்கவில்லை. 1906-ல் அவருடைய பங்குகளை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். பிறகு தொழிற்சாலை மாடியில் ஓர் அறையைத் தடுத்துக் கதவுக்குப் பூட்டும் போட்டார். ஹங்கேரியிலிருந்து வந்த ஜோசப் கலாம்ப் கரும்பலகையில் படம் வரைவார். போர்டு தம் தாயாரின் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கணக்காக அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அறையில் உருவானதுதான் டி மாடல். 1908 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது.

அந்தக் காரின் சூட்சுமத்தை நம் வீட்டு முக்காலியை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். நாலு கால் பெஞ்சியைக் கரடுமுரடான தரையில் போட்டால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். முக்காலி எங்கே போட்டாலும் மூன்று காலும் தரையில் ஊன்றும். போர்டின் காரில் எஞ்ஜின் மூன்று இடங்களில்தான் சட்டத்தோடு பூட்டப்பட்டிருந்தது. பள்ளத்தில் சட்டம் முறுக்கிக்கொண்டாலும் எஞ்ஜின் விரிசல் காணாது. முன்னால் குறுக்காக ஒரு ஸ்பிரிங் பட்டை, பின்னால் ஒன்று. இரண்டு அச்சுகளும் தனித்தனியாகச் சாய்ந்து கொடுக்கும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறி, இன்னொன்று குழியில் இறங்கினாலும் நாலும் மண்ணைப் பற்றி நிற்கும். வண்டியின் வயிறு தரையிலிருந்து பத்து அங்குல உயரத்தில் இருந்ததால் நடு ரஸ்தாவின் மேடு அதை உரசாது.

வனேடியம் கலந்த உருக்கை உபயோகித்ததால் பாகங்கள் மெலிந்தும் உறுதியாகவும் இருந்தன. மொத்த எடை 1,200 ராத்தல். எஞ்ஜின் 20 குதிரைசக்தி. மணிக்கு 40, 45 மைல் ஓடும். விலை 850 டாலர். கியரை மாற்ற ஒரு பெடல், பின்னோக்கி ஓட இன்னொரு பெடல். சேற்றில் மாட்டினால் இரண்டையும் மாறி மாறி மிதித்து, வண்டியை முன்னும் பின்னும் ஊசலாட்டி வெளியேற்றிவிடலாம்.

இன்னொரு சின்ன விஷயம் போர்டின் கண்ணிலிருந்து தப்பவில்லை. கார்களின் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே சாதாரணமாக 56 அங்குலம். தென் மாகாணங்களின் குதிரை வண்டிகளுக்கோ 60 அங்குலம். கார் அங்கே போனால் ஒரு சக்கரம் தடத்திலும் ஒரு சக்கரம் மேட்டிலுமாகத் தள்ளாடும். ஆகவே தென் பகுதிக்கென்றே 60 அங்குல அகலத்தில் கார் கிடைக்கும்படி செய்தார். மண்ணை அறிந்தவருக்குத்தான் இது தோன்றும்.

குறைகளும் இருந்தன. பெட்ரோல் ஆசனத்தின் அடியிலிருந்து தானாக வழிந்துதான் எஞ்ஜினுக்குப் போக வேண்டும். டாங்கியில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக ஏற்றுவார்கள்! முன்புறம் ஹாண்டிலைச் செருகிச் சுழற்றிக் கிளப்ப வேண்டும். எதிர்த்து உதைத்தால் கை முறியும். போர்டின் மனைவி கிளாராவே ஹாண்டில் தொல்லை இல்லாத, வேறு கம்பெனியின் மின்சாரக் காரைத்தான் ஓட்டி வந்தார்.

1909 ஜூனில் நியூயார்க்கிலிருந்து சியாட்டில் வரை, நாலாயிரம் மைலுக்கு மேற்பட்ட தூரத்துக்கு ஒரு பந்தயம் நடந்தது. பாதி வழியில் ரஸ்தா என்று சொல்லத்தக்கதே இல்லை. கனத்த கார்கள் சேற்றிலும் மணலிலும் திணற, போர்டின் இலேசான கார் 22 நாள் 55 நிமிஷத்தில் முதலாவதாகப் போய்ச் சேர்ந்தது. வழியில் எஞ்ஜினை மாற்றினார்கள் என்று சில மாதம் கழித்து வெற்றி பறிக்கப்பட்டது. அதற்குள் விளம்பரம் நாடெங்கும் பரவிவிட்டது.

கிராமவாசிகள் அந்தக் காரைக் கொண்டாடினார்கள். சந்தைக்குப் போக மட்டுமா? பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அதில் பட்டையை மாட்டி விறகு அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள். பரிகாசமாகத் தகர லிஸி என்று பெயரும் வைத்தார்கள். உடைந்தால் உள்ளூர்க் கொல்லரே சரி செய்வார். 1913-ல் ஓடும் வரிசையில் காரைப் பூட்டும் முறை வந்தது. அடுத்த ஜனவரியில் நாளொன்றுக்கு 5 டாலர் கூலியும் வந்தது. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. விலை இறங்கி இறங்கி 1920-களின் நடுவில் 260 டாலருக்கு வந்தது.

சிவப்புக் காரின் கதி

1912-ல் போர்டு குடும்பத்தோடு ஐரோப்பா போயிருந்தார். அந்தச் சமயத்தில் அவருடைய எஞ்ஜினீயர்கள் டி மாடலைத் திருத்தி, இன்னும் தாழ்வாக, நீளமாக, சொகுசாக ஒரு சிவப்புக் காரைச் செய்து வைத்தார்கள். திரும்பி வந்த போர்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வாய் பேசவில்லை. பிறகு ஒரு கதவைக் கையால் பிடுங்கினார். அடுத்த கதவையும் பிடுங்கினார். கண்ணாடியை உடைத்தார், மேல் துணியைக் கிழித்தார். இது அங்கே வேலை பார்த்தவர்கள் பிற்காலத்தில் பதிவு செய்து வைத்த சம்பவம். அப்புறம் அவர் முன்னிலையில் டி மாடலை மாற்றும் பேச்சை எடுக்கப் பலருக்குத் துணிவு வரவில்லை.

ஆனால் ரஸ்தா மாறிக்கொண்டிருந்தது. லட்சக்கணக்கான கார்கள் ஓட ஆரம்பித்ததும் ஜனங்கள் நல்ல சாலை கேட்டார்கள். 1916-லும் 1921-லும் சட்டங்கள் பிறந்தன. மத்திய சர்க்கார் பணம் கொடுத்தது. மண் பாதைகள் கல் ரஸ்தாக்களாயின. நல்ல ரஸ்தாவில் 40 மைல் வேகம் போதவில்லை. தூக்கித் தூக்கிப் போடும் ஆசனத்தைப் பொறுக்க ஆளில்லை. மூடிய உடலும் மிருதுவான ஓட்டமும் கொண்ட செவர்லே கார் கிராமத்து வாசலிலும் வந்து நின்றது. சேற்று ரஸ்தாவுக்கென்று பிறந்த கார்தான் சேற்று ரஸ்தாவை ஒழித்தது. அதனாலேயே தானும் கிழடாயிற்று. நாட்டில் இது தெரியாதவர் போர்டு ஒருவர்தான் போலும்.

மகன் எட்ஸல் 1919 முதல் கம்பெனியின் தலைவர். அது பெயரளவில்தான், சாவி தகப்பனார் இடுப்பில் இருந்தது. புதிய கார் வேண்டும் என்று எட்ஸல் பணிவாகக் கேட்டுக் கேட்டுச் சலித்தார். 1926 ஜனவரியில் எட்ஸலின் சகலையும் கம்பெனி அதிகாரியுமான எர்னஸ்ட் கான்ஸ்லர், நிலைமையை விளக்கி ஒரு நீண்ட குறிப்பை எழுதிக் கொடுத்தார். உள்ளதை உள்ளபடி சொன்னதற்குப் பலன், சில மாதங்களில் வேலை போயிற்று. இதே காலத்தில்தான் போர்டின் சொந்தப் பத்திரிகை யூதர்கள் மீது துவேஷப் பிரசாரம் செய்து, அவர் 1927-ல் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. வெற்றி தந்த பிடிவாதம் எல்லா விஷயத்திலும் தலையெடுத்த காலம் அது.

விற்பனை சரிந்தது. 1927 மே மாதம் ஒன்றரைக் கோடியாவது கார் வெளிவந்ததோடு டி மாடல் நின்றது. அடுத்த மாடல் வரைபடத்திலேயே இருந்ததால் தொழிற்சாலை ஆறு மாதம் மூடிக் கிடந்தது. பல்லாயிரம் பேருக்கு வேலை இல்லை. புதிய ஏ மாடலுக்கு அழகிய உருவம் கொடுத்தவர் எட்ஸல். யந்திர விஷயத்தில் மட்டும் கிழவர் பழைய கிழவராகவே இருந்தார். மாதிரிக் காரைக் கல்லும் கட்டையும் கிடந்த வயலில் வேகமாக ஓட்டிப் பார்த்தார் என்றும், இறங்கியதும், தூக்கிப் போடுகிறது, அதிர்ச்சி தாங்கும் எண்ணெய்க் கருவி பொருத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் என்றும் சொல்வார்கள். அந்த டிசம்பரில் வெளிவந்த காரில் நாலு சக்கரத்துக்கும் அந்தக் கருவி இருந்தது. நாலு சக்கரத்துக்கும் பிரேக்கும் இருந்தது. 40 குதிரைசக்தி, 65 மைல் வேகம், அந்த விலைக்கு நினைக்க முடியாத சொகுசு. ஜனங்கள் கடை வாசல்களில் கூட்டமாகத் திரண்டார்கள்.

எட்ஸலுக்கு அந்தப் பெருமை நெடுநாள் நிலைக்கவில்லை. தகப்பனார் பலர் முன்னிலையில் அவரை மட்டம் தட்டுவது நிற்கவில்லை. வயிற்றில் புண், பிறகு புற்றுநோய். 1943 மே மாதம், 49-வது வயதில் அவர் காலமானார். கம்பெனித் தலைமையை எண்பது வயதை நெருங்கிய கிழவர் மீண்டும் ஏற்றார். உடலும் நினைவும் ஒத்துழைக்கவில்லை. 1945-ல் எட்ஸலின் மகன், இரண்டாம் ஹென்றி, பொறுப்பேற்றார்.

1947 ஏப்ரல் 7-ந் தேதி ரூஜ் நதியில் பெருவெள்ளம். பாதைகள் பல முழுகிக் கிடந்தன. போர்டு காரில் ஏறிக்கொண்டு வெள்ளச் சேதத்தைப் பார்க்கப் புறப்பட்டார். வீடு திரும்பியபோது மின்சாரம் நின்றிருந்தது. மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு படுக்கைக்குப் போனார். நள்ளிரவுக்குச் சற்று முன்னால், கிளாராவின் அருகில் அவர் உயிர் பிரிந்தது.