பட்டாணிச் செடியைப் படம் பிடித்தவர்!

மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திருக்கிறீர்களா குட்டீஸ்? வானூர், மரக்காணம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். பாத்தி கட்டி, உப்புத் தண்ணீரைப் பாய்ச்சி விடுவார்கள். நாள் செல்லச் செல்ல, வெயிலில் தண்ணீர் வற்றி, வெள்ளை வெளேர் என்று உப்பு பூத்து நிற்கும். ஆனால், தண்ணீர் உப்பாக மாறுவதை யாராவது கண்ணால் பார்த்தது உண்டா? பாத்தி வரப்பில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. அவ்வளவு மெதுவாக நடக்கும் வேலை அது!

விதை முளைப்பதும் அப்படித்தான். இன்று பார்த்தால் மண். மறுநாள் பார்த்தால் முளை. நடுவில் நடந்தது என்ன என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்து காட்டினார் ஒருவர். அதுவும் இன்று நேற்றல்ல... 1912ம் ஆண்டிலேயே! அவர்தான் இந்திய சினிமாவின் தந்தை என்று போற்றப்படும் தாதா சாகேப் பால்கே.

அவருடைய இயற்பெயர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. மகாராஷ்டிராவில், நாசிக் அருகே உள்ள திரியம்பகேஸ்வரத்தில், 1870ம் ஆண்டு ஏப்ரல் 30ம் தேதி பிறந்தார். அப்பா சமஸ்கிருத பண்டிதர். அவருக்கு பம்பாய் வில்சன் கல்லூரியில் வேலை கிடைத்ததால், குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது.

சிறுவன் துண்டிராஜுக்குப் படம் வரைவதில் கொள்ளை ஆசை. 1885ல் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு, பரோடா கலாபவனத்தில் ஓவியத்தோடு புகைப்படக் கலையும் பயின்றார்.

படித்து முடித்ததும் கோத்ரா என்ற ஊரில் புகைப்பட நிலையம் வைத்தார். அங்கேதான் பெரிய இடி விழுந்தது. 1900ம் ஆண்டு வாக்கில் பரவிய பிளேக் நோய்க்கு அவருடைய மனைவியும், குழந்தையும் பலியாயினர். மனம் உடைந்து பரோடாவுக்குத் திரும்பினார். அங்கே மறுபடியும் புகைப்படத் தொழிலைத் தொடங்கினால், வேறு ஒரு சிக்கல்! கேமரா முன் நின்றால் உடம்பில் உள்ள சக்தியை அது உறிஞ்சிவிடும், ஆள் செத்துப் போவார் என்று ஊரில் ஒரு வதந்தி. படம் எடுத்துக்கொள்ள ஆள் வருமா?

பால்கே சும்மா இருக்கவில்லை. மேஜிக் கற்றுக்கொண்டு நிகழ்ச்சிகள் நடத்தினார். தன் பெயரைத் திருப்பிப் போட்டு, புரொபசர் கெல்பா என்று வைத்துக்கொண்டார். 1902ல் மறுமணம் செய்துகொண்டார். மனைவி பெயர் சரஸ்வதி பாய். தொல்லியல் துறையில் வரைபடக் கலைஞராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். அடுத்து, லோனாவாலாவில் அச்சகம் தொடங்கினார். நவீன அச்சு இயந்திரங்கள் வாங்க 1909ல் ஜெர்மனிக்கே போய் வந்தார். கூட்டாளிகளோடு கருத்து வேறுபாடு வரவே, அச்சகத்தையும் விட்டு வெளியேறினார். வயதோ 40 ஆகிவிட்டது. கையில் வேலை இல்லை!

அந்தச் சமயத்தில் பம்பாயில் ஒரு கொட்டகையில், ஏசுநாதரின் வாழ்க்கையைச் சொல்லும் ஊமைப்படம் ஒன்றைப் பார்த்தார். திரையில் ஏசு நடமாடும்போது, நம் ராமரும், கிருஷ்ணரும் இப்படித் திரையில் வந்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அவர் மனதில் ஓடியது. அன்றிலிருந்து சினிமா, சினிமா, சினிமாதான்! கிடைத்த படங்களை எல்லாம் பார்த்தார். சினிமா பற்றிய புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தார். தூக்கமே இல்லை. கண்கள் தாங்குமா? பார்வையே போய்விட்டது! நல்லவேளையாக, மருத்துவரின் சிகிச்சையால் மீண்டும் பார்வை கிடைத்தது.

கண் தெரிந்ததும் மனிதர் ஓய்ந்தாரா என்றால், இல்லை. தன் இன்சூரன்ஸ் பாலிசிகளை அடகு வைத்துக் கடன் வாங்கி, 1912 பிப்ரவரியில் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். சினிமா எடுக்கும் முறையை நேரில் பார்த்துக் கற்றார். வில்லியம்சன் கேமரா ஒன்றையும், மற்ற கருவிகளையும் வாங்க ஏற்பாடு செய்துவிட்டு ஊர் திரும்பினார்.

கருவி இருந்தால் போதுமா? முழுநீளப் படம் எடுக்கப் பணம் வேண்டுமே! நம் ஊரில் சினிமா எடுக்க முடியும் என்று யாரும் நம்பவில்லை. வாயால் சொன்னால் நம்பாதவர்களைக் கண்ணால் பார்க்க வைத்து நம்ப வைக்க முடிவு செய்தார் பால்கே. அதற்கு அவர் தேர்ந்தெடுத்த கதாநாயகன் யார் தெரியுமா? ஒரு பட்டாணி விதை!

தொட்டியில் பட்டாணியை ஊன்றி, அதற்கு எதிரே கேமராவை வைத்தார். செடி வளர வளர, ஒரு மாதத்துக்கும் மேலாக, விட்டு விட்டுப் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, அத்தனை படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் ஓட விட்டார். விதை முளைவிட்டது... இலை விரிந்தது... கொடி சரசரவென்று மேலே ஏறியது! ஒரு மாதக் கதை, ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் முடிந்துவிட்டது. பார்த்தவர்கள் அசந்து போனார்கள். பணம் கொடுக்கவும் ஆள் கிடைத்தது. போதாத பணத்துக்குச் சரஸ்வதி பாய் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்.

இதன் ரகசியம் என்ன? சினிமாவில் உண்மையில் எதுவுமே அசைவதில்லை. கொஞ்சம் கொஞ்சம் மாறுபட்ட, அசையாத படங்கள் வேகமாக மாறி மாறி வரும்போது, நம் கண்ணும் மூளையும் அவற்றைச் சேர்த்து அசைவது போல் நினைத்துக்கொள்கின்றன. ஊமைப்பட காலத்தில் ஒரு விநாடிக்கு சுமார் 16 படங்கள் ஓடின. அப்படியானால், ஒரு நிமிடத்துக்கு 960 படங்கள்! கணக்குப் போட்டுப் பாருங்கள், பால்கேயின் பொறுமை புரியும்.

அடுத்து, 'ராஜா ஹரிச்சந்திரா' வேலை தொடங்கியது. அன்று பிலிம் சுருளின் ஓரத்தில் துளைகள் இருக்காது. நாமேதான் துளை போட வேண்டும். அதுவும் வெளிச்சம் படாமல், இருட்டில்! பகலெல்லாம் படப்பிடிப்பு ஆட்கள் அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்ட சரஸ்வதி பாய், இரவில் இருட்டறையில் அமர்ந்து பிலிமில் துளை போட்டார். பிலிமைக் கழுவும் வேலையும் கற்றுக்கொண்டார். பெண்கள் நடிக்க முன்வராததால், உணவு விடுதியில் சமையல் வேலை செய்த சாலுங்கே என்ற இளைஞர் தாராமதியாக நடித்தார். பால்கேயின் மகன் பாலசந்திரா, ஹரிச்சந்திரனின் மகனாக நடித்தான். 1913ம் ஆண்டு மே 3ம் தேதி, பம்பாய் காரனேஷன் தியேட்டரில் படம் வெளியானது. இந்தியாவின் முதல் முழுநீளப் படம் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது.

வெற்றி வந்ததும் பால்கே விளையாட்டை விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். 1914ல் முதல் உலகப் போர் மூண்டது. பணம் கொடுத்தவர்கள் கையை விரித்தார்கள். பிலிமுக்கும் தட்டுப்பாடு. பெரிய படம் எடுக்க வழியில்லை. அந்த நெருக்கடியிலும், 1915ல் தீக்குச்சிகளை வைத்து ஒரு குறும்படம் எடுத்தார்! குச்சியைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம். ஓட விட்டால், குச்சிகள் தாமே நகர்வது போல் தெரியும். இந்த முறைக்கு 'ஸ்டாப் மோஷன்' என்று பெயர். பட்டாணிச் செடி தானாக வளர்ந்தது, பால்கே காத்திருந்தார். தீக்குச்சி தானாக நகராது, பால்கே நகர்த்தினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு 'லங்கா தகனம்', 'ஸ்ரீகிருஷ்ண ஜென்மா', 'காளிய மர்தனம்' என்று பெரிய படங்கள் வந்தன. கண்ணனாக நடித்துப் புகழ்பெற்றது யார்? அவருடைய செல்ல மகள் மந்தாகினி! ஆனால், பேசும் படங்கள் வந்த பிறகு பால்கேயின் காலம் மங்கியது. அவர் எடுத்த ஒரே பேசும்படமான 'கங்காவதரண்' 1937ல் வெளியானது. அதுவே கடைசிப் படமும் ஆனது. சம்பாதித்ததை எல்லாம் சினிமாவிலேயே போட்டவர், கடைசிக் காலத்தில் கையில் பணமின்றி வாழ்ந்தார். 1944ம் ஆண்டு பிப்ரவரி 16ம் தேதி நாசிக்கில் காலமானார்.

அவர் பெயரால் 1969 முதல் மத்திய அரசு வழங்கிவரும் விருதுதான் தாதா சாகேப் பால்கே விருது. நம் சிவாஜி கணேசன், கே.பாலசந்தர், ரஜினிகாந்த் ஆகியோர் பெற்ற விருது இதுதான்.

குட்டீஸ்... பால்கே செய்ததை இன்று நீங்களும் செய்து பார்க்கலாம். லண்டன் போக வேண்டாம்; நகையை அடகு வைக்க வேண்டாம். வீட்டுப் பெரியவர்களிடம் கேமரா உள்ள செல்போனைக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்குங்கள். அசையாதபடி செங்கல்லிலோ, புத்தக அடுக்கிலோ சாய்த்து வையுங்கள். தரையில் பத்து புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து ஒரு படம் எடுங்கள். ஒவ்வொன்றையும் அரை விரல் அகலம் நகர்த்தி அடுத்த படம். விநாடிக்கு 12 படம் என்று வைத்தால், 10 விநாடிப் படத்துக்கு 120 படங்கள் எடுக்க வேண்டும். நடுவில் செல்போன் அசைந்துவிட்டால் படம் குதிக்கும். வெளிச்சம் மாறினால் மினுக்கும். முதல் முறை சரியாக வராவிட்டால் என்ன... இன்னொரு முறை அடுக்கிப் பாருங்கள்!

பொறுமை இன்னும் அதிகமாக இருந்தால், கொட்டாங்குச்சியில் மண் நிரப்பி, ஒரு பட்டாணியை ஊன்றுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து படம் எடுங்கள். நம்பாதவர்களை எல்லாம் நம்ப வைக்கப் பால்கேக்குக் கைகொடுத்தது அந்தச் சின்ன விதைதானே!