கார்ஷால்டன் ஊற்றும் ஜோன் ரஸ்கினும்

சட்டன் பக்கம் வாழும் எம்மவரில் கார்ஷால்டன் குளங்களைக் காணாதவர்கள் குறைவு. பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்து வாத்துக் காட்டப் போயிருப்போம், ஊரிலிருந்து வந்த மாமா மாமியைக் கூட்டிப்போய் குளத்தங்கரையில் நிறுத்திப் படம் எடுத்திருப்போம். அந்தப் பெரிய குளங்களுக்கு அண்மையில், வீதியோரமாக ஒரு சிறு தடாகம் இருக்கிறது. சில மாதங்களில் நீர் நிற்கும், பல மாதங்களில் வெறும் பள்ளமாகக் கிடக்கும். பக்கத்தில் ஒரு கல். 1876 என்ற ஆண்டும், மார்கரெட் என்ற பெண்ணின் பெயரும், ஜோன் ரஸ்கின் என்ற பெயரும் அதில் உள்ளன. அனேகர் அதைப் பாராமலே கடந்து போகிறார்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் கடந்து போனேன்.

ரஸ்கின் யார் என்று கேட்டால், ஓவிய விமர்சகர் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். காந்தியைப் படித்தவர்களுக்கு வேறு விதத்திலும் அந்தப் பெயர் நினைவிருக்கும். ஆனால் சட்டனில் அவர் விட்டுப்போனது ஒரு புத்தகமோ ஓவியமோ அல்ல, காசு கொடுத்துத் துப்புரவாக்கிய ஓர் ஊற்று.

அவர் பிறந்தது 1819 பெப்ரவரி 8 அன்று, மத்திய இலண்டனில் ஹன்டர் வீதியில். தகப்பனார் ஸ்பெயின் தேசத்து ஷெரி மதுவை இறக்குமதி செய்து பெரும் பணம் ஈட்டிய வணிகர். தாயார் மார்கரெட்டின் ஊர் குரொய்டன். வசதி படைத்த வீட்டின் ஒரே பிள்ளை, விளையாட்டுப் பொருட்கள்கூட அதிகம் இல்லாமல், வேதாகமப் பாடத்தோடும் கண்டிப்போடும் வளர்க்கப்பட்டார். குரொய்டனில் பாண் பேக்கரி வைத்திருந்த சின்னம்மா வீட்டுக்குப் போகும் நாட்கள்தான் அவருக்குத் திருவிழா. அங்கிருந்து நடந்துபோய் வாண்டில் ஆற்றின் ஊற்றுகளைப் பார்த்தது அவர் மனதில் கடைசிவரை தங்கியிருந்தது.

வாண்டில் ஒரு வித்தியாசமான ஆறு. குரொய்டனிலும் கார்ஷால்டனிலும் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து நீர் தானே பொங்கி வந்து ஆறாகி, ஹக்பிரிட்ஜ், மிச்சம், மேட்டன் வழியாக வோன்ட்ஸ்வேர்த்தில் தேம்ஸ் நதியில் சேர்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. மழை நீர் சுண்ணாம்புக் கல்லில் இறங்கி, வடிபட்டு, கீரிமலையில் கேணியாக எழுவதைக் கண்டவர்கள் நாம். கல்லு வேறு, குளிர் வேறு, ஆனால் நீரின் போக்கு ஒன்றுதான்.

ரஸ்கினுக்கு நீர்மேல் இருந்த பித்து சிறுவயதிலேயே தொடங்கியது. 1834 இல், பதினைந்து வயதில், இயற்கை வரலாற்றுச் சஞ்சிகை ஒன்றில் அவரது சிறு குறிப்பு வெளிவந்தது. ரைன் நதி ஏன் அந்த நிறத்தில் ஓடுகிறது என்பதுதான் விடயம். இருபத்தோராவது வயதில் புவியியற் சங்கத்தின் உறுப்பினரானார். பாறையையும் முகிலையும் இலையையும் அளந்து பார்த்த ஒருவர்தான் பின்னர் ஓவியத்தைப் பற்றி எழுதப் புகுந்தார். 1843 இல் வெளிவந்த நவீன ஓவியர்கள் என்ற நூலின் முதற்பாகம், டேர்னர் என்ற ஓவியருக்காக வாதாடியது. டேர்னரின் மலைகளும் கடல்களும் குழப்பமானவை என்று இலண்டன் கேலி செய்துகொண்டிருந்த காலம் அது. இல்லை, இந்த மனிதர்தான் மலை எப்படி உடைகிறது, அலை எப்படி மடிகிறது என்பதை உண்மையாகப் பார்த்திருக்கிறார் என்பது ரஸ்கினின் வாதம். ஓவியத்தை ரசிக்கவே கொஞ்சம் விஞ்ஞானம் வேண்டும் என்று ஒரு தலைமுறை வாசகர்களை அவர் பழக்கிவிட்டார்.

டேர்னர் இறந்தபின் அவரது பல்லாயிரக்கணக்கான வரைபடங்கள் தேசிய ஓவியக் கூடத்தின் நிலவறையில் தகரப் பெட்டிகளில் கிடந்தன. 1857 இலும் 1858 இலும் மாதக்கணக்காக அங்கே இருந்து அவற்றைப் பிரித்து, தூசு தட்டி, ஒழுங்குபடுத்தினார். பல தாள்கள் ஈரத்தாலும் எலியாலும் கெட்டுப்போயிருந்தன. நீர்வண்ணம் வெளிச்சம் பட்டால் மங்கும் என்பதால், பார்க்கும்போது மட்டும் வெளியே எடுக்கக்கூடிய சட்டங்களையும் பெட்டிகளையும் வடிவமைத்தார். அந்தத் தொகுதி இன்று டேட் பிரிட்டன் கூடத்தில் இருக்கிறது.

அதே காலத்தில் தொழிலாளர் கல்லூரியில் மாலை வேளைகளில் தச்சர்களுக்கும் எழுத்துவினைஞர்களுக்கும் சித்திரம் கற்பித்தார். அவர்களை ஓவியர்கள் ஆக்குவது அவர் நோக்கமல்ல, ஒரு கல்லையோ கொப்பையோ முன்னால் வைத்து நன்றாகப் பார்க்கப் பழக்குவதுதான்.

இனி கார்ஷால்டனுக்கு வருவோம். 1866 இல் காட்டு ஒலிவ முடி என்ற விரிவுரைத் தொகுப்பை வெளியிட்டபோது, அதன் முன்னுரையை இந்த ஊற்றிலிருந்துதான் தொடங்கினார். இருபது வருடங்களுக்கு முன் தென் இங்கிலாந்தின் தாழ்நிலங்களில் இதைவிட அழகான இடம் இருக்கவில்லை என்கிறார். இப்போதோ, நீர் பிறக்கும் இடத்திலேயே சனங்கள் வீட்டுக் குப்பையையும் தெருக் குப்பையையும் கந்தல் துணியையும் பழைய உலோகத்தையும் கொட்டுகிறார்கள். ஆறு பேர் ஒரு நாள் உழைத்தால் அந்தக் குளங்களைச் சுத்தமாக்கலாம், கரையில் பூச்செடி வைக்கலாம். ஆனால் அந்த ஒருநாள் உழைப்பு ஒருபோதும் நடக்காது என்கிறார்.

அதற்கு அடுத்துச் சொல்வதுதான் முக்கியம். அங்கிருந்து குரொய்டனுக்குப் போகிறார். புதிதாகக் கட்டிய ஒரு மதுச்சாலை. முன்சுவருக்கும் நடைபாதைக்கும் நடுவில் இரண்டு அடி நிலம். எதற்கும் பயன்படாத அந்த இரண்டு அடியைச் சுற்றி ஆளுயர இரும்பு வேலி. உள்ளே சுருட்டுத் துண்டும் சிப்பி ஓடும் காற்றில் வந்து சேர்கின்றன, வேலி இருப்பதால் கூட்டவும் முடியாது. இந்த வேலிக்குச் செலவான உழைப்பைக் கணக்குப் பார்க்கிறார். சுரங்கத்தில் இருட்டில் ஒருவன், உலைக்கு முன்னால் வெந்துகொண்டு இன்னொருவன், அசிங்கமான வடிவத்தை வரைந்துகொண்டு மூன்றாமவன். இந்த உழைப்பு அந்தக் குளத்தைப் பல தடவை சுத்தமாக்கியிருக்கும். பிறகு ஏன் வேலி உண்டானது, குளம் நாறிக் கிடந்தது? வேலியில் முதலாளிக்கு இலாபம் இருந்தது, குளத்தில் இருக்கவில்லை. அவ்வளவுதான். 160 வருடங்களுக்கு முன் எழுதிய இந்தக் கணக்கை, சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் மிதந்த செய்தியோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். குப்பை கொட்டிய ஏழைகளை அவர் அந்த முன்னுரையில் திட்டும் விதம் நல்லதல்ல. வண்டிக்குக் காசில்லாத வீடுகள் குப்பையை எங்கே கொண்டுபோகும் என்று அவர் நின்று யோசிக்கவில்லை. இலாபக் கணக்கை அவ்வளவு கூர்மையாகப் போட்டவர், வறுமைக் கணக்கில் சில இடங்களில் கோட்டை விடுகிறார்.

1871 டிசம்பரில் தாயார் மார்கரெட் தொண்ணூறு வயதில் காலமானார். அடுத்த வருடமே, ஒருவரும் செய்யமாட்டார்கள் என்று தான் எழுதிய வேலையைத் தானே கையில் எடுத்தார். கார்ஷால்டன் ஊற்றுகளில் ஒன்றைத் தோண்டித் துப்புரவாக்கி, கரை கட்டி, செடிகள் வைத்து, தாயின் பெயரைச் சூட்டினார். பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கினார். எம் ஊர்களில் பெற்றோர் நினைவாகக் கேணி கட்டி, மடம் கட்டி, கல்லில் பெயர் வெட்டி வைப்போமே, கிட்டத்தட்ட அதே காரியம். ஆனால் அந்தத் தெளிவு நிலைக்கவில்லை. ஒரு குளத்தை மட்டும் காப்பாற்ற முடியாது, சுற்றியுள்ள வீதியும் வடிகாலும் சேர்ந்து மாறினால்தான் உண்டு.

அதே 1872 இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கும் சென்ற் ஜைல்ஸுக்கும் இடைப்பட்ட அழுக்குத் தெரு ஒன்றைக் கூட்டித் துப்புரவாக வைத்திருக்கத் தன் செலவில் ஆட்களை அமர்த்தினார். 1874 இல் ஒக்ஸ்போர்ட் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஹின்க்சி கிராமத்துக்கு வீதி போடப் போனார். ஒஸ்கார் வைல்டும் அதில் மண் சுமந்தார். வீதி படு மோசமாக அமைந்தது, பத்திரிகைகள் சிரித்தன. ஆனால் அங்கே மண்வெட்டி பிடித்த ரோன்ஸ்லி என்ற மாணவரும், ரஸ்கினின் பணத்தில் ஏழைகளுக்கான வீடுகளை நடத்தத் தொடங்கிய ஒக்டேவியா ஹில்லும் 1895 இல் தேசிய அறக்கட்டளையை நிறுவிய மூவரில் இருவர். நாம் வார இறுதியில் கார் நிறுத்தக் காசு கட்டும் அதே நஷனல் டிரஸ்ட்தான்.

1884 பெப்ரவரியில் இலண்டனில் இரண்டு விரிவுரைகள் நிகழ்த்தினார். பொருள் முகில். பல பத்தாண்டுகளாக வானத்தைப் பார்த்து நாட்குறிப்பு எழுதி வந்தவர், 1871 முதல் ஒரு புதுவிதமான கருமுகிலையும் நடுங்கும் காற்றையும் காண்பதாகச் சொன்னார். தொழிற்சாலைப் புகையும் அதில் இருக்கலாம் என்றார், மனிதரின் பாவத்தையும் அதில் கண்டார். 1878 இலேயே ஒரு தடவை சித்தம் கலங்கியவர் என்பதால், கிழவனுக்கு முற்றிவிட்டது என்று பலரும் ஒதுக்கிவிட்டார்கள். அந்த விரிவுரையில் விஞ்ஞானமும் புலம்பலும் பிரிக்க முடியாமல் கலந்துதான் இருக்கின்றன. ஆனாலும் நிலக்கரிப் புகை வானத்தை மாற்றும் என்ற சந்தேகத்தைப் பொது மேடையில் வைத்த முதற் சிலரில் அவர் ஒருவர்.

அவரது சொந்த வாழ்க்கை துயரமானது. எஃபி கிரேயுடனான திருமணம் 1854 இல் செல்லாது என்று தீர்க்கப்பட்டது. பின்னர், சிறுமியாக இருந்தபோது சித்திரம் கற்பிக்கச் சென்ற ரோஸ் லா டூஷ் மீது, தன்னைவிட 29 வயது இளையவர் என்றும் பாராமல், காதல் கொண்டார். அதை இன்று வாசிக்க மனம் சங்கடப்படுகிறது. 1875 இல் ரோஸ் இறந்தது அவரை உடைத்துப்போட்டது.

எமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 1857 எழுச்சிக்குப் பின் இலண்டன் இந்தியர்மேல் வெறுப்பில் கொதித்தபோது, ரஸ்கினும் அதில் சேர்ந்துகொண்டார். 1858 இல் தென் கென்சிங்டனில் பேசியபோது, இந்தியக் கலை நுணுக்கமானது, ஆனால் இயற்கையின் உண்மையைப் பார்க்க மறுப்பது, அப்படிப்பட்ட கலையைப் படைத்தவர்கள் கொடியவர்களாகவே இருப்பார்கள் என்று வாதிட்டார். இந்திய மண்ணை மிதிக்காதவர், ஒரு கோயிற் சிற்பத்தையும் அது நிற்கும் இடத்தில் பார்க்காதவர் பேசிய பேச்சு இது. ஒரு பாறையைப் பற்றி எழுதவே நேரில் போய் நாட்கணக்கில் நின்று பார்ப்பவர், ஒரு துணைக்கண்டத்தைப் பற்றித் துணிந்து தீர்ப்புச் சொன்னார். 1865 இல் ஜமைக்காவில் நூற்றுக்கணக்கான கறுப்பின மக்களைக் கொன்றொடுக்கிய ஆளுநர் ஐரின் பக்கமும் நின்றார். ஜோன் ஸ்டுவர்ட் மில்லும் டார்வினும் எதிர்ப்பக்கம் நின்றதால், காலம் அப்படி என்று சொல்லித் தப்பவும் இடமில்லை.

அப்படியிருந்தும் அவரை மிக ஆழமாக வாசித்த இருவர் எமது பக்கத்தவர். 1904 இல் ஜோஹன்னஸ்பேர்க்கிலிருந்து டேர்பனுக்குச் சென்ற இரயிலில் காந்தி அவரது பொருளாதாரக் கட்டுரைகளைப் படித்தார். அந்த வருடமே பீனிக்ஸ் பண்ணையைத் தொடங்கினார். அங்கிருந்து வெளிவந்த இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகைக்கு அப்போது தமிழ்ப் பகுதியும் இருந்தது. மற்றவர் 1877 இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்து குமாரசுவாமியின் மகன், ரஸ்கினைப் போலவே பாறையில் தொடங்கிக் கலையில் முடிந்தவர். இலங்கையின் கனிமங்களை அளவையிடப் போனவர், ஊரூராக அழிந்துகொண்டிருந்த கைவினைகளைக் கண்டார். 1908 இல், ரஸ்கினின் சீடரான வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தன் நூலை அச்சிட்டார். ரஸ்கினிடமிருந்து கைவினைஞனின் மதிப்பை எடுத்துக்கொண்டு, இந்தியக் கலை பற்றிய ரஸ்கினின் தீர்ப்பை வாழ்நாள் முழுதும் உடைத்துக்கொண்டே இருந்தார். ஒருவரிடம் எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மொரிஸும் வாண்டில் ஆற்றுக்கு வந்து சேர்ந்தவர்தான். 1881 இல் மேட்டனில் பட்டறை அமைத்து, அந்த நீரில் துணிகளுக்குச் சாயமிட்டார். ஒரு துணி வடிவத்துக்கு ஆற்றின் பெயரையே வைத்தார்.

ரஸ்கின் கடைசிப் பத்து வருடங்களை ஏரி மாவட்டத்தில் பிரான்ட்வூட் என்ற வீட்டில் ஏறக்குறைய மௌனமாகக் கழித்து, 1900 ஜனவரி 20 அன்று காலமானார். வெஸ்ட்மினிஸ்டர் அபேயில் இடம் தர முன்வந்தார்கள். அது வேண்டாமென்று கொனிஸ்டன் கிராமத்து மயானத்திலேயே அடக்கம் செய்தார்கள். தகப்பனார் விட்டுப்போன பெரும் செல்வத்தில் பெரும்பகுதியை அவர் வாழ்நாளிலேயே கொடுத்து முடித்திருந்தார்.

வாண்டில் ஆறு அதன்பிறகும் கெட்டது. 1960களில் அது சாக்கடை என்றே அதிகாரபூர்வமாகக் கணிக்கப்பட்டது. பின்னர் தொண்டர்கள் முழங்கால் நீரில் இறங்கிச் சாமான் வண்டிகளையும் டயர்களையும் வருடக்கணக்காக இழுத்து எடுத்தார்கள். இப்போது டிரவுட் மீன் திரும்பியிருக்கிறது. ஊற்றுகள்தான் முன்போல் இல்லை. குடிநீருக்காக நிலத்தடி நீரை இறைத்ததால் சுண்ணாம்புப் பாறையின் நீர்மட்டம் இறங்கிவிட்டது, கார்ஷால்டன் குளங்கள் நிறைந்திருப்பது பெரும்பாலும் பம்பு போட்டு நீரைக் கொண்டுவருவதால்தான்.

சட்டனிலிருந்து இரயிலில் அடுத்த நிலையமே கார்ஷால்டன். குளத்தங்கரையில் ஹனிவூட் என்ற சிறு அருங்காட்சியகம் உண்டு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மார்கரெட் தடாகத்தில் தண்ணீரோடு பார்க்க விரும்பினால், மாரி மழை நிலத்துக்குள் இறங்கி ஊறிய பின், மாசி பங்குனிக் காலத்தில் போய்ப் பாருங்கள்.